குரல் எட்டும் தூரம்

ஜனவரி 4

நோட்டு ஒன்று போடச் சொல்லியிருக்கிறாள் ரோஸ்லின். "அன்னன்னைக்கு என்ன பழகினீங்க, எது வரல, எழுதி வைங்க மேடம். எழுதறவங்கதான் முன்னேறுவாங்க. மத்தவங்க வருஷம் பூரா புல்லு வெட்டிட்டு இருப்பாங்க."

ரோஸ்லின் எங்கள் கிளப்பின் கோல்ஃப் பயிற்சியாளர். குன்னூர்க்காரி. என்னைவிடப் பத்து, பன்னிரண்டு வயது இளையவள். நான் கோல்ஃப் மட்டையைத் தொட்டு மூன்று நாள்தான் ஆகிறது.

கிளப்பில் வருஷா வருஷம் பிப்ரவரி கடைசியில் தம்பதியர் போட்டி நடக்கும். புருஷனும் பொண்டாட்டியும் ஒரே பந்தை மாறி மாறி அடிக்க வேண்டும். ஓர் அடி அவர், அடுத்த அடி அவள், பந்து குழியில் விழும் வரை. மூன்று வருஷமாக மனோகரும் சுசீலா அக்காவும்தான் கோப்பை வாங்குகிறார்கள். இவர், என் வீட்டுக்காரர், பதினைந்து வருஷமாக ஆடுகிறார், ஒன்றும் வாங்கியதில்லை. "மனோகரனுக்கு ஒரு பொண்டாட்டி இருக்குது. எனக்கும் ஒண்ணு இருக்குது," என்றார் டிசம்பரில், சாப்பிட்டுக்கொண்டே. மறுநாள் என் பெயரை ரோஸ்லினிடம் கொடுத்துவிட்டு வந்துவிட்டார்.

இன்று பிடி. மட்டையை இறுக்கக் கூடாது. பிறந்த குழந்தையின் கையைப் பிடித்து வளையல் போடுவதுபோலப் பிடிக்க வேண்டும் என்று நானே நினைத்துக்கொண்டேன், உடனே வந்தது. இடது சுண்டு விரல் மட்டும் மடங்கவில்லை. கார் கதவில் நசுங்கியது.

ரோஸ்லின் விரலைத் திருப்பிப் பார்த்தாள்.

"கதவா மேடம்?"

"கதவுதான்."

ஜனவரி 8

தலை ஆடக் கூடாது. அமெச்சூர்கள் எல்லோரும் செய்கிற தப்பு, அடிக்கும் முன்பே பந்து எங்கே போகிறது என்று நிமிர்ந்து பார்ப்பதாம். பந்து இருந்த இடத்தைப் பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும், அடி விழுந்த பிறகும். இது எனக்குச் சுலபமாக வருகிறது. தலை நிமிராமல் இருக்க எனக்குப் பழக்கம் உண்டு.

வரும் வழியில் கீரையும் சின்ன வெங்காயமும் வாங்கினேன். மிக்ஸி ரிப்பேருக்குப் போயிருக்கிறது.

ஜனவரி 11

போகவில்லை. உதடு வீக்கம். பொங்கலுக்குப் பாத்திரம் எல்லாம் இறக்கித் தேய்த்து வைத்தேன்.

ஜனவரி 15

தாரணி போன் செய்தாள். பெங்களூரிலிருந்து பொங்கலுக்கு வர லீவு இல்லையாம். வேலைக்குச் சேர்ந்த இரண்டு வருஷத்தில் அவளுக்கு எந்தப் பண்டிகைக்கும் லீவு கிடைத்ததில்லை.

"கோல்ஃபா? நீயாம்மா?" என்று சிரித்தாள்.

"ஏன் கண்ணு, நான் ஆடக் கூடாதா?"

"ஆடு, ஆடு. யார் கூட ஆடறே?"

"அப்பா கூட."

சிரிப்பு நின்றது. "ஜாக்கிரதை," என்றாள். கோல்ஃபுக்கு எதற்கு ஜாக்கிரதை என்று கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. பொங்கல் இந்த வருஷம் கொஞ்சம் குழைந்துவிட்டது.

ஜனவரி 19

இவருடன் முதல் முறை முழு ஆட்டம். ஒன்பது குழி.

ஒரே பந்தை மாறி மாறி அடிக்கும் ஆட்டத்தில் ஒரு வழக்கம் உண்டு. ஒருவர் அடிக்கும்போது மற்றவர் முன்னாலேயே நடந்துபோய்க் காத்திருப்பார், அடுத்த அடி அவருடையது என்பதால். நேரம் மிச்சம். ஆனால் ஓரமாக, மரத்துப் பக்கம் ஒதுங்கி நிற்க வேண்டும், அடிப்பவரைப் பார்த்தபடி. இவர் ஒதுங்குவதில்லை. நேராகப் புல்வெளி நடுவில் போய், எனக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நிற்கிறார். நான் அடிப்பதைப் பார்க்கச் சகிக்கவில்லையாம்.

"இருங்க, ஓரமாப் போங்க," என்றேன்.

"அடி நீ. எங்கிட்ட வந்து சேர்ந்தாப் பாக்கலாம்."

சேரவில்லை. அவர் முதுகைப் பார்த்ததும் என் தோள் சுருங்கிக்கொள்கிறது. பந்து தரையோடு உருண்டு பாதியில் நின்றது, ஒவ்வொரு முறையும். ஏழாவது குழியில் குட்டைக்குள் போனது. அவர் ஆட்டத்தை முடித்து, மட்டைகளைத் துடைத்துப் பையில் வைத்தார். காரில் ஏறிக் கண்ணாடியை ஏற்றிவிட்டு, என் பின்னந்தலையைப் பிடித்து முன்னால் தள்ளினார். டேஷ்போர்டு பிளாஸ்டிக்தான், ஆனாலும் கெட்டி.

"கண்ணு தெரியுதா இப்ப? தண்ணி எங்க இருக்குதுன்னு தெரியுதா?"

தெரிகிறது என்றேன். கிளப் வாசலில் செக்யூரிட்டி சல்யூட் அடித்தார். இவரும் கையைத் தூக்கினார்.

ஜனவரி 24

அமெச்சூர்கள் தூரமாக அடிப்பதற்கே ஆசைப்படுவார்கள், அடிகளில் பாதி குழிக்குப் பக்கத்தில்தான் வீணாகிறது என்கிறாள் ரோஸ்லின். வீட்டிலேயே பழகலாம். கூடத்துக் கம்பளத்தில் ஒரு டம்ளரைப் படுக்க வைத்து, பட்டர் என்கிற உருட்டும் மட்டையால் பந்தை அதற்குள் தள்ள வேண்டும்.

தோசைக்கு ஊற வைத்துவிட்டுத் தள்ளிக்கொண்டிருந்தேன். இவர் ஆபீஸிலிருந்து வந்து சோபாவில் உட்கார்ந்து பார்த்தார். பிறகு என் பட்டரை வாங்கிக்கொண்டு தன்னுடையதை எனக்குக் கொடுத்தார். நான் தவறவிட்டால் முழங்காலுக்குக் கீழே எலும்பில் அந்தப் பட்டரால் ஒரு தட்டு. பலமாக இல்லை. அந்த எலும்பில் பலம் தேவையில்லை. "இப்படித்தான் கவனம் வரும்," என்றார். கோபமே இல்லை. டிவியில் செய்தி ஓடிக்கொண்டிருந்தது, அதையும் பார்த்துக்கொண்டார்.

கடைசியில் ஒன்றும் தவறவில்லை. முன்னேற்றம் என்று எழுத வேண்டுமா என்று தெரியவில்லை. முன்னேற்றம்.

பிப்ரவரி 2

ஒவ்வொரு மட்டைக்கும் உங்கள் பந்து எவ்வளவு தூரம் பறக்கும் என்று உங்களுக்குத் தெரிய வேண்டும், ஆசைப்படுகிற தூரம் இல்லை, நிஜத் தூரம். இன்றைய பாடம் இது. பயிற்சி மைதானத்தில் தூரம் எழுதிய பலகைகள் இருக்கின்றன. ஏழாம் நம்பர் மட்டையால் அடித்தேன். நூறு மீட்டர் பலகையைத் தாண்டி விழுந்தது. திரும்பவும் தாண்டியது. அந்தச் சத்தத்தை எப்படி எழுதுவது? பந்து மட்டையின் நடுவில் பட்டால் கையில் ஒன்றுமே தெரிவதில்லை. வலியே இல்லாத அடி.

"மேடம், நீங்க உங்க மனசுல யாரையோ வச்சு அடிக்கறீங்க," என்றாள் ரோஸ்லின், சிரித்துக்கொண்டு.

"பந்தைத்தான்."

"சார் உங்க தூரம் அறுபதுன்னு சொல்லிட்டு இருக்காரு. நான் சொல்லட்டா அவர்கிட்ட?"

"வேண்டாம்."

ஏன் வேண்டாம் என்றேன் என்று வீட்டுக்கு வரும் வரை யோசித்தேன். அவர் சந்தோஷப்படக்கூடும். கோப்பைக்காகத்தானே இத்தனையும். ஆனால் எனக்கென்று யாருக்கும் தெரியாத ஒன்று கிடைத்து ரொம்ப நாளாகிவிட்டது.

பிப்ரவரி 6

ஒரு மைனா செத்துப்போனது. மைதானத்தில் மேய்ந்துகொண்டிருந்த கூட்டத்தில் ஒன்று. என் பந்து பட்டு, இறகு ஒரு கையளவு மேலே எழும்பி, மெதுவாக இறங்கியது. மற்ற மைனாக்கள் பறந்துபோய், உடனே திரும்பி வந்து அதே இடத்தில் மேய்ந்தன.

ரோஸ்லின் "அச்சச்சோ" என்றாள். நான் பக்கத்துப் பலகையைப் பார்த்தேன். தொண்ணூறு.

பிப்ரவரி 9

இன்று மனோகர், சுசீலா அக்காவுடன் ஆடினோம். மனோகர் மோட்டார் வைண்டிங் கம்பெனி வைத்திருக்கிறார். அக்கா வாய் ஓயாமல் பேசுவார், ஆனால் எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டே இருப்பார். ஐம்பது வயதிலும் பந்து நேர்கோடு போட்டதுபோலப் போகிறது.

வழக்கம்போல இவர் நடுவில் போய் முதுகைக் காட்டிக்கொண்டு நின்றார்.

"அண்ணா, இப்படி ஓரமா வாங்க. அவ அடிக்கப் போறா," என்று கத்தினார் அக்கா.

இவர் திரும்பாமலே, "இவ அடிக்கற பந்து எங்கிட்ட வரங்காட்டியும் நான் கேன்டீன் போயி டீ குடிச்சுப்போட்டு வந்தர்லாம்ங்க," என்றார். மனோகர் சிரித்தார். நானும் சிரித்தேன். அக்கா சிரிக்கவில்லை.

"ஏன் கோகிலா, முழுக்கை பனியன் போட்டுட்டு வந்திருக்கே? வெய்யில் கொளுத்துது."

"கறுத்துப் போயிருவேன்னுதாங்க்கா."

"ம். நானும் மனோகரைக் கட்டின புதுசுல ரொம்ப வெய்யில் பாத்தவ," என்றார் அக்கா. "ஒரு நாள் தோசைக்கல்லுல போட்டேன் ஒண்ணு. அதுக்கப்புறம் நிழல்தான்." என்னைப் பார்க்காமல் கையுறையை மாட்டிக்கொண்டே சொன்னார். வேடிக்கையாகச் சொன்னாரா என்று தெரியவில்லை. மனோகர் பத்தடி தள்ளி நின்று பந்தைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

பிப்ரவரி 12

கத்தப் பழகினேன்.

பந்து யார் மேலாவது விழப்போகிறது என்று தெரிந்தால் "ஃபோர்!" என்று கத்த வேண்டும். உலகத்தில் எந்த மைதானத்திலும் இதுதான் வார்த்தை. கேட்டவர்கள் தலையை மூடிக்கொண்டு குனிந்துவிடுவார்கள். இந்த ஆட்டத்தில் மன்னிப்பே இல்லாத தப்பு இதைக் கத்தாமல் விடுவதுதான் என்றாள் ரோஸ்லின்.

எனக்குக் குரலே வரவில்லை. வாயைத் திறந்தால் காற்றுதான் வந்தது. வீட்டில் நான் சத்தம் போட்டால் அடி கூடும், ஜன்னல் பக்கத்து வீட்டைப் பார்த்து இருக்கிறது. அதை அவளிடம் சொல்லவில்லை.

"வயித்துல இருந்து மேடம்! பஸ்ஸு போகுது, நிறுத்தணும்!"

கடைசியில் வந்தது. தென்னை மரத்துக் காக்காய் எல்லாம் எழும்பின. புல் வெட்டுகிற ஆட்கள் தலையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார்கள். நானும் ரோஸ்லினும் வயிறு வலிக்கச் சிரித்தோம். என் குரல் இவ்வளவு பெரியது என்று எனக்குத் தெரியாது.

பிப்ரவரி 16

ரோஸ்லின் அவரிடம் சொல்லிவிட்டாள். தூரத்தை இல்லை. "சார், மேடம் மட்டை வீசற ஸ்விங் உங்களுதை விட அழகா இருக்கு. நீங்க மேடம்கிட்ட கத்துக்கலாம்," என்று பாராட்டாகச் சொல்லியிருக்கிறாள், மனோகர் பக்கத்தில் நிற்கும்போது.

கோல்ஃப் ஷூவின் அடியில் வட்டமாகப் பல் வரிசை இருக்கும், புல்லில் வழுக்காமல் இருக்க. கண்ணாடியில் முதுகைத் திருப்பிப் பார்த்தேன். ஏழெட்டுச் சின்னச் சூரியன்கள், சில பாதி. ஷூ காலில் இருந்தபோது சில, கையில் இருந்தபோது சில.

காரணமாக எழுதுவதற்கு இன்று கதவு, படி எதுவும் தோன்றவில்லை.

பிப்ரவரி 17

"வர்ற ஞாயித்துக்கெழமை ஆட முடியுமா உன்னால?" என்று கேட்டார். மஞ்சள் பற்றுப் போட வெந்நீர் அவரே வைத்துக் கொடுத்தார். "முடியும்," என்றேன். "நல்ல புள்ள," என்றார். இது முடிந்ததும் என்ன என்று கேட்க நினைத்தேன். ஜெயித்தால் அடுத்த வருஷமும் ஜெயிக்க வேண்டும். தோற்றால் வீட்டுக்கு வர வேண்டும். இரண்டிலும் நான் இந்த வீட்டுக்குத்தான் வருகிறேன். உயிரோடு எத்தனை தடவை வர முடியும் என்பது மட்டும்தான் கேள்வி.

பிப்ரவரி 23

பந்து அவர் தாடையில் பட்டது. ஆஸ்பத்திரியில் இருக்கிறோம்.

பிப்ரவரி 24

ஆபரேஷன் முடிந்தது. தாடை இரண்டு இடத்தில் உடைந்து, மூன்று பல் போய்விட்டது. மேல் பல்லையும் கீழ்ப் பல்லையும் சேர்த்துக் கம்பியால் கட்டியிருக்கிறார்கள். ஆறு வாரம் வாய் திறக்க முடியாது.

நடந்ததை வரிசையாக எழுதிவிடுகிறேன். யாராவது கேட்பார்கள்.

ஐந்தாவது குழி. நாங்களும் மனோகர் ஜோடியும் சமமாக இருந்தோம். முதல் அடி இவர் அடித்தார், பந்து நல்ல புல்லில் நின்றது. அடுத்த அடி என்னுடையது. இவர் முன்னால் நடந்துபோய் நடுவில் நின்று, எனக்கு முதுகைக் காட்டிக்கொண்டு கையுறையை இழுத்துவிட்டுக்கொண்டிருந்தார். நான் பையிலிருந்து ஏழாம் நம்பரை எடுத்தேன். பந்துக்குப் பின்னால் போய் நின்று, ரோஸ்லின் சொன்னபடி, பந்துக்கு ஓரடி முன்னால், போக வேண்டிய கோட்டில் ஓர் அடையாளம் தேடினேன். தூரத்து இலக்கைக் குறி பார்த்தால் பயம் வரும், பக்கத்து அடையாளத்தைக் குறி பார்த்தால் வராது. காய்ந்த புல் ஒன்று இருந்தது. பக்கவாட்டில் வந்து நின்றேன். பிடி இறுகவில்லை. மூச்சை விட்டேன். தலை ஆடவில்லை.

இரண்டு மாதத்தில் அவர் இருக்கும் இடத்தில் என் தோள் திறந்தது அதுதான் முதல் முறை.

கையில் ஒன்றும் தெரியவில்லை. "ஃபோர்!" என்று ஒரு பெண் குரல் கேட்டது. அவர் குனியவில்லை, குரல் வந்த பக்கம் திரும்பினார். திரும்பாமல் இருந்திருந்தால் பின்மண்டையில் பட்டிருக்கும் என்றார் டாக்டர், குரல்தான் காப்பாற்றியிருக்கிறது. நாங்கள் நின்ற இடத்துக்குச் சத்தம் கேட்டது. விறகு பிளக்கிற சத்தம். அவர் முட்டி போட்டார், பிறகு முகம் தரையில் பட விழுந்தார். புல் அங்கே கறுப்பாகத் தெரிந்தது.

நான் இன்னும் பந்து இருந்த இடத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேனாம். சுசீலா அக்காதான் தோளைப் பிடித்து உலுக்கியிருக்கிறார்.

பிப்ரவரி 26

அக்கா இளநீரோடு ஆஸ்பத்திரிக்கு வந்தார். இவர் தூங்கிக்கொண்டிருந்தார். என்னை வராந்தாவுக்கு அழைத்துப் போனார்.

"கிளப் கமிட்டியில இருந்து வருவாங்க. கேப்பாங்க. நீ கத்துனே. நான் கேட்டேன், மனோகரும் கேட்டாரு."

"அக்கா, அது உங்க..."

"எனக்குத் தொண்டை கட்டி ஒரு வாரமாச்சு. நான் எங்க கத்தறது?" வெண்கல மணிபோன்ற குரலில் சொன்னார். பிறகு என் முழுக்கையைச் சரியாக இழுத்துவிட்டார். "இளநிய வடிகட்டிக் குடு. வழுக்கை போயி கம்பியில சிக்கிக்கும்."

மார்ச் 2

கிளப் செக்ரட்டரியும் கமிட்டிக்காரர் ஒருவரும் வந்தார்கள். ஆப்பிளும் மாதுளையும் கொண்டுவந்திருந்தார்கள், வாய் கட்டியிருப்பவருக்கு. "ஃபார்மாலிட்டிதாங்க சார்," என்று நாலு தடவை சொன்னார் செக்ரட்டரி. "மேடம் வார்னிங் குடுத்தாங்கன்னு மனோகர் சார் வீட்ல சொன்னாங்க. நீங்க கேட்டீங்களா சார்? தலைய மட்டும் ஆட்டுங்க, போதும்."

இருபத்து நாலு வருஷமாக என் குரல் அவருக்குத் தெரியும். என்னையே பார்த்தார். இல்லை என்று தலையை ஆட்டலாம். ஆட்டினால் அடுத்த கேள்வி வரும்: கட்டின பொண்டாட்டி எதற்காகக் கத்தாமல் இருக்கப் போகிறாள்? அதற்கு அவர் பதில் எழுதிக் காட்ட வேண்டியிருக்கும், இரண்டு பேர் முன்னால்.

மெதுவாக, ஆமாம் என்று ஆட்டினார்.

"பாவம், உங்களுக்குத்தான் மேடம் கஷ்டம்," என்றார் செக்ரட்டரி.

மார்ச் 5

வீட்டுக்கு வந்துவிட்டோம். இட்லியை ரசத்தில் கரைத்து, இரண்டு தடவை வடிகட்டி, ஸ்ட்ராவில் கொடுக்கிறேன். டாக்டர் ஒரு சின்ன கட்டிங் பிளையர் கொடுத்திருக்கிறார். வாந்தி வந்தால் வெளியே போக வழியில்லை, மூச்சு அடைத்துவிடும், உடனே கம்பியை வெட்டிவிட வேண்டும், எப்போதும் அவர் கைக்கு எட்டும் இடத்தில் இருக்கட்டும் என்றார்.

பத்திரமாக என் பீரோவில் வைத்துப் பூட்டினேன். வீட்டில் சாமான் காணாமல் போகிறது.

மார்ச் 9

கிளப்புக்குப் போக முடியவில்லை, ஆனால் பயிற்சி விட்டுப்போகக் கூடாது. பந்தில்லாமல் வீட்டிலேயே மட்டையை வீசிப் பழகினால் தாளம் உட்காரும் என்று ரோஸ்லின் எப்போதோ சொல்லியிருக்கிறாள். கூடத்தில் இடம் தாராளம். அவர் நாற்காலி ஜன்னல் பக்கம் இருக்கிறது, வெளிச்சம் அங்கேதான் நன்றாக வருகிறது.

ஏழாம் நம்பர். வீசும்போது மட்டை ஊளையிடுகிறது. அந்தக் காற்றில் அவர் நெற்றி முடி அசைகிறது. கண்ணை மூடிக்கொள்கிறார். கண்ணைத் திறக்கும் வரை காத்திருந்து அடுத்ததை வீசினேன்.

மார்ச் 10

காலை, மாலை, பயிற்சி. தாளம் நன்றாக வருகிறது. மூக்கால் ஒரு சத்தம் போடுகிறார். என்ன சொல்கிறார் என்று புரியவில்லை.

மார்ச் 13

ரோஸ்லின் பார்க்க வந்தாள். அவருக்கு வணக்கம் வைத்தாள். நான் உற்சாகமாக வீசிக் காட்டினேன். "எப்படி இருக்கு?" என்றேன். அவள் மட்டையைப் பார்க்கவில்லை, அவர் கையைப் பார்த்தாள். நாற்காலிக் கைப்பிடியை அவர் பிடித்திருந்த விதத்தை.

"பிடி ரொம்ப இறுகியிருக்கு மேடம்," என்றாள்.

"அவரா?"

"நீங்க."

காபி குடிக்காமல் போய்விட்டாள்.

மார்ச் 16

இன்று மின்விசிறியைப் போடக் கையைத் தூக்கினேன். அவர் தலையை இரண்டு கையாலும் மூடிக்கொண்டார். ஃபோர் கேட்டவர்கள் மூடிக்கொள்வார்களே, அப்படி. நான் ஒன்றும் கத்தவில்லை.

எனக்குச் சிரிப்பு வந்தது. மறுபடி தூக்கிப் பார்த்தேன், சும்மா. மறுபடி மூடிக்கொண்டார். அடுப்பில் பால் பொங்கி வழிந்த பிறகுதான் உள்ளே போனேன். மேடையைத் துடைத்த இடத்தையே திரும்பத் திரும்பத் துடைத்தேன். சந்தோஷமா இது என்று என்னையே கேட்டுக்கொண்டேன். இவருக்கும் இத்தனை வருஷம் இப்படித்தான் இருந்திருக்குமோ? கோபமே இல்லாமல், செய்தி பார்த்துக்கொண்டே?

மாலைப் பயிற்சியை விட்டுவிடலாம் என்று நினைத்தேன். விடவில்லை.

மார்ச் 22

தாரணி வந்திருக்கிறாள். சொல்லாமல் வந்தாள். சுசீலா அக்கா போன் செய்திருக்க வேண்டும், இல்லை ரோஸ்லின். கதவு திறந்துதான் இருந்தது. நான் வீசிக்கொண்டிருந்தேன், அவர் கண் மூடியிருந்தார்.

பையைக் கீழே போட்டுவிட்டு நேராக வந்து எனக்கும் அவருக்கும் நடுவில் நின்றாள். மட்டை பாதியில் நின்றது.

சின்னதில் அவள் இப்படி நிற்பாள். முட்டி உயரம்கூட இருக்க மாட்டாள், இரண்டு கையையும் விரித்துக்கொண்டு நிற்பாள். அப்போது முதுகு என் பக்கம் இருக்கும், முகம் அவர் பக்கம். இன்று முகத்தைப் பார்த்தேன். அவர் இத்தனை வருஷம் பார்த்தது இந்த முகத்தைத்தான்.

"அம்மா. கீழ வை."

"பயிற்சிதான் சாமி."

"கீழ வைம்மா."

வைத்தேன். அவள் அப்பாவின் பக்கத்தில் குனிந்து கம்பியைப் பார்த்தாள். "வெட்டறதுக்கு ஒண்ணு குடுத்திருப்பாங்களே, எங்க?"

"என் பீரோவுல."

"சாவி?"

இடுப்பிலிருந்து எடுத்துக் கொடுத்தேன். அவள் சாவியையே பார்த்துக்கொண்டு நின்றாள். பிறகு போய்ப் பிளையரை எடுத்துவந்து அவர் கையில் வைத்து, விரல்களை மடக்கிவிட்டாள். அவர் அழுதார். வாய் திறக்காமல் அழுகிற சத்தத்தை நான் அறிவேன், என்னுடையது அப்படித்தான் இருக்கும்.

சமையலறைக்கு என்னைக் கூட்டிப்போனாள். என் ஜாக்கெட்டின் பின்பக்கத்தைக் கொஞ்சம் இறக்கிப் பார்த்தாள். தழும்புகளைத் தொடவில்லை. ஜாக்கெட்டை ஏற்றிவிட்டாள்.

"அன்னைக்கு நீ கத்துனியாம்மா?"

மனோகர் கேட்டிருக்கிறார். அக்கா கேட்டிருக்கிறார். அவரே கேட்டதாகத் தலையாட்டியிருக்கிறார். கமிட்டி கோப்பில் அப்படித்தான் இருக்கிறது.

"இல்ல," என்றேன்.

"கத்த முடியலியா?"

"முடியும் கண்ணு. நல்லாவே முடியும்."

மகள் அடுப்புத் திண்டில் சாய்ந்துகொண்டாள். "நீங்க ரெண்டு பேரும் ஒரே வீட்ல இருக்கக் கூடாது," என்றாள். "இனி ஒரு நாள் இருந்தாலும் யாராவது ஒருத்தர் செத்துருவீங்க. யாருன்னு எனக்குச் சொல்லத் தெரியல. போன மாசம் வரைக்கும் தெரியும்."

மார்ச் 24

அவரைப் பார்த்துக்கொள்ள ஆண் நர்ஸ் ஒருவரைத் தாரணி ஏற்பாடு செய்துவிட்டாள். அவர் தம்பியும் அவிநாசியிலிருந்து வந்துவிட்டார். "என்னங்க அண்ணி, இந்த நேரத்துல விட்டுப்போட்டுப் போறீங்க," என்றார் தம்பி. "இந்த நேரத்துலதாங்க போகணும்," என்றேன். அதற்குமேல் அவருக்கும் கேட்கத் தைரியமில்லை, எனக்கும் சொல்லத் தெரியவில்லை. பெங்களூரில் என்ன செய்வேன் என்று தெரியாது. போலீஸுக்குப் போக வேண்டுமா, போனால் என்னைப் பற்றி முதலில் சொல்வதா அவரைப் பற்றியா என்றும் தெரியாது. தாரணி ஒரு வக்கீலிடம் பேசியிருக்கிறாள். இரண்டையும் சொல்லிவிடலாம் என்று நினைக்கிறேன்.

துணிமணி ஒரு பெட்டி. மட்டைப் பையை எடுக்கவில்லை.

காரில் பெட்டியை வைத்துக்கொண்டிருந்தபோது அவர் வெளியே வந்தார். லுங்கியும் துண்டும். முகத்தில் ஒரு பக்கம் இன்னும் மஞ்சளும் பச்சையுமாக இருந்தது. யாரும் கூப்பிடவில்லை, அவரே நடந்து காரின் பக்கம் வந்தார். நான் டிக்கிக்கு முன்னால் நின்றேன். என் பக்கத்தில் வந்து கையை உயரத் தூக்கினார்.

நான் தலையை மூடிக்கொண்டு தரையில் உட்கார்ந்துவிட்டேன்.

டிக்கியை மூடுவதற்குத் தூக்கியிருக்கிறார். அது பிறகுதான் தெரிந்தது. தம்பி வாசற்படியில் காபி டம்ளரோடு நின்றார். எதிர்வீட்டுப் பால்காரர் வண்டியை நிறுத்திப் பார்த்தார். இந்தத் தெருவில் முதல் முறையாக எல்லோரும் பார்த்தார்கள்.

"ஏறும்மா," என்றாள் தாரணி, டிக்கியை அவளே இழுத்து மூடிவிட்டு.

எழுந்து, சேலையில் ஒட்டிய மண்ணைத் தட்டிவிட்டு ஏறினேன். திரும்பிப் பார்க்கவில்லை என்று எழுத ஆசை. பார்த்தேன். வண்டி போன பிறகும், டிக்கி இருந்த உயரத்தில், அவர் கை இறங்காமல் அப்படியே நின்றுகொண்டிருந்தது.